இராசாத்தி எந்தக் கணக்கு?

அத்தியாயம் ஒன்பது

மூன்று நாளாக அந்தத் தாள் செல்வநாயகியின் கண்ணை விட்டு அகலவில்லை.

அதை அவள் தேடிப் போகவில்லை. அவள் புருஷன் துரைசிங்கம்தான் ஆபீசிலிருந்து நகலைக் கொண்டுவந்து, "ஒருக்கால் பாரும், பார்த்திட்டுப் பேசாமல் இரும்" என்று காட்டினான். பார்க்கச் சொன்னதைச் செய்தாள். பேசாமல் இருப்பதுதான் அவளால் முடியாத காரியமாக இருந்தது.

வெள்ளைக்கல் ரப்பர்த் தோட்டத்தில் மூன்று வருஷமாக நடந்த பிரசவங்களை அந்தத் தாள் இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தது. கூலிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மருத்துவச்சி மருதம்மாள் கையில் நடந்தவை நூற்றைம்பது. அவற்றில் செத்த தாய்மார் மூன்று பேர். தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், நர்ஸ் செல்வநாயகி கையில் நடந்தவை நாற்பது. செத்தவர்கள் ஆறு பேர். லயத்தில் நூற்றுக்கு இரண்டு, வார்டில் நூற்றுக்குப் பதினைந்து.

கீழே ஒரு வரி: 'வார்டு தாய்மாருக்கு ஆபத்தான இடமாகத் தெரிவதால் அதை மூடிவிட்டு, கட்டடத்தை ரப்பர் ஷீட் அடுக்கப் பயன்படுத்தலாம்.'

எழுதியவர் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கனகரத்தினம். துரைசிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன். அவருக்குக் கீழேதான் துரைசிங்கம் இரண்டாம் கிராணியாக இருக்கிறான்.

இன்றைக்குச் சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து டாக்டர் வருகிறார். அவர் அந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் வார்டுக்கு மறுநாளே பூட்டு.

"டாக்குத்தர் கேட்டால், ஓம் சேர் எண்டு சொல்லிப்போட்டு நில்லும்," என்றான் துரைசிங்கம், காலைக் கோப்பியை ஊதிக்கொண்டே. "அண்ணை உம்மில கோவத்தில எழுதேல்லை. தோட்டத்துத் துரை கணக்குக் கேட்டவர். அண்ணை கூட்டிப் பிரிச்சுக் குடுத்தவர். அவ்வளவுதான். இலக்கம் பொய் சொல்லுமே?"

"இலக்கம் பொய் சொல்லேல்லை. இலக்கத்தை வைச்சு உங்கட அண்ணை பொய் சொல்லுறார்."

"மெல்லக் கதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! இராசாத்தியை எந்தக் கணக்கில போட்டவர்? அதை மட்டும் சொல்லுங்கோ."

துரைசிங்கம் கோப்பியைக் கீழே வைத்தான்.

இராசாத்தி மூன்றாம் டிவிஷனில் பால் வெட்டியவள். தலைப்பிள்ளை. இரண்டு நாள் வலி. பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்து, மற்றதெல்லாம் உள்ளே குறுக்காகக் கிடந்தது. மாட்டு வண்டியைக் கொடுக்கக் கங்காணி ஒரு பகல் முழுக்க யோசித்தான். ஒருவழியாக அவளைக் கொண்டுவந்து வார்டுக் கட்டிலில் கிடத்தியபோது உதடு வெளுத்துவிட்டது. செல்வநாயகி கையைக் கழுவி முடிப்பதற்குள் மூச்சு நின்றது.

"வார்டுக் கட்டில்லதானே செத்தவள்," என்றான் துரைசிங்கம் கடைசியில், தரையைப் பார்த்தபடி.

"அப்ப கட்டிலோ அவளைக் கொண்டது?"

அவன் தொப்பியை எடுத்து மாட்டினான். வாசலில் திரும்பினான். "இது அண்ணை பிடிச்சுத் தந்த வேலை, செல்வம். இந்த வீடும் அப்பிடித்தான். அதை மறந்து போடாதையும்."

அவள் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் அவள் வயிற்றெரிச்சலையே பெரிதாக்கியது. யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கி, கப்பலேறி வந்து, பிள்ளையும் தாயுமாக எத்தனை பேரை வீட்டுக்கு நடத்தி அனுப்பியிருக்கிறாள்! அவ்வளவையும் ஒருவர் மேசையிலிருந்தபடியே இரண்டு வரிசையாகப் போட்டு, வகுத்து, அவளைக் கொலைகாரியாக்கிவிட்டார்.

வார்டில் அவளுக்காக ஒருத்தி காத்திருந்தாள். மருத்துவச்சி மருதம்மாள். வெற்றிலைச் சிவப்பேறிய வாயும் முடிந்த கொண்டையுமாகப் படியில் குந்தியிருந்தாள்.

"மிஸி, நெசந்தானா? ஆசுபத்திரிய மூடப் போறாங்களாமே?"

"உனக்கு நல்ல பேர்தான், மருதம்மா. உன்ர கைதான் சுத்தமான கையெண்டு எழுதியிருக்கு."

"எம்பேரு நல்லாருந்து நான் என்னா பண்ண? புள்ள குறுக்க கெடந்தா யாருகிட்ட தூக்கிக்கிட்டு ஓடுவேன்? தொரைகிட்டயா?" அவள் குரல் உயர்ந்தது. "சுளுவா வர்ற புள்ளைய நான் புடிக்கிறேன். எனக்கு ஆவாதுன்னு தெரிஞ்சா ஒங்ககிட்ட அனுப்புறேன். இதுதான லா இத்தன நாளும் நடக்குது?"

செல்வநாயகி அவளருகிலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ர கையில செத்தது மூண்டு பேர். அவை என்ன மாதிரிப் பேறு?"

மருதம்மாள் முகம் சுருங்கியது. "எல்லாம் மோசமான கேசுதான் மிஸி. அனுப்பலாம்னேன். ஊட்டு ஆம்பளைங்க விடல. அது மாதிரி அனுப்பாம நின்னது மொத்தம் நாலு. ஒருத்தி பொழச்சா. மூணு போயிருச்சு."

செல்வநாயகிக்குத் தன் வார்டுப் பேஷண்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொருத்தியும் எந்த நிலையில் வந்தாள் என்பதை அவள் கட்டில் அட்டையில் எழுதிவைப்பது வழக்கம். நாற்பதில் பத்துப் பேர்தான் வலி கண்டதும் தாமாக நடந்து வந்தவர்கள். மீதி முப்பதும் வண்டியிலும் தூளியிலும் வந்தவை. குறுக்கே கிடந்த பிள்ளை, வலிப்பு, நிற்காத இரத்தம்.

அவள் இதுவரை கோபத்தில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது கணக்காகவே நின்றது. எளிய பேறுகளில் லயத்திலும் ஒருத்தி சாகவில்லை, வார்டிலும் ஒருத்தி சாகவில்லை. கடினமான பேறுகளில், லயத்திலேயே நின்ற நாலு பேரில் மூவர் போனார்கள். வார்டுக்கு வந்த முப்பது பேரில் இருபத்து நான்கு பேர் பிள்ளையைப் பெற்றுப் பிழைத்தார்கள்.

மொத்தமாகக் கூட்டினால் வார்டு கொல்கிறது. பிரித்துப் பார்த்தால் வார்டு காப்பாற்றுகிறது. ஆட்களும் அதே ஆட்கள், சாவும் அதே சாவு. எதை எதோடு ஒப்பிட்டாய் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

"இதை டாக்குத்தரிட்டச் சொல்லுவியா?"

"கேட்டா சொல்றேன். எனக்கு என்னா பயம்?" என்று எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள் மருதம்மாள்.

உச்சி வெயிலில் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை வழியாக ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே இரண்டு பெண்கள். பெரிய கிராணியின் மனைவி பூரணம், அவள் தோளில் சாய்ந்தபடி மகள் ஞானாம்பிகை. மெர்கோங்கில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, கோட்டும் தொப்பியுமாக, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே கனகரத்தினம்.

"சின்னம்மா, தலை வெடிக்குது," என்றாள் ஞானாம்பிகை. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

செல்வநாயகி அவள் காலைப் பார்த்தாள். பாதத்தில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. உள்ளே கூட்டிப்போய்ச் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் திரண்டு கட்டியாகிவிட்டது.

இரத்தத்தில் நஞ்சேறுகிறது. எந்த நேரமும் வலிப்பு வரலாம்.

அவள் திரும்பியபோது கனகரத்தினம் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, இஞ்ச வாரும்." குரலைத் தாழ்த்தினார். "இவளை இஞ்ச வைச்சுப் பாரும். ஆனால் பேர் எழுத வேண்டாம். டாக்குத்தர் வரேக்க பின் அறையில இருக்கட்டும். பிள்ளை பிறந்தால் வீட்டில பிறந்ததெண்டே இருக்கட்டும்."

செல்வநாயகிக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது.

"வீட்டில பிறந்ததோ?"

"ஓம். ஏன் வீண் கதை?"

"நல்லபடியாப் பிறந்தால் வீட்டில பிறந்தது. கெட்டுப் போனால், பெரியத்தான்? அப்பவும் வீட்டிலையோ? இல்லை, அப்ப மட்டும் வார்டிலையோ?"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"வார்டு தாய்மாருக்கு ஆபத்தான இடமெண்டு உங்கட கையால எழுதினனீங்கள். அந்த மை இன்னும் காயேல்லை. ஆபத்தான இடத்துக்குப் பெத்த மகளைக் கொண்டு வருவினமோ? மருதம்மாளிட்டக் கொண்டு போங்கோ! அவளின்ர கையில நூத்துக்கு ரெண்டுதானே?"

"அது கூலிச்சனத்தின்ர கணக்கு. இது வேற."

"என்ன வேற?" அவள் குரல் வார்டுச் சுவரில் மோதித் திரும்பியது. "இராசாத்திக்கு உயிர் வேறயோ? அவளைப் பெத்தவளுக்கு வயிறு வேறயோ?"

"சண்டையைப் பிறகு பிடியுங்கோ," என்று அலறினாள் பூரணம். "செல்வம், உன்ர கோவத்தை என்ர பிள்ளையில காட்டிப் போடாதை. உன்னைக் கும்பிட்டன்."

அந்தச் சொல் செல்வநாயகியைச் சுட்டது. வார்டுக் கட்டிலுக்கு வரும் ஒருத்தியிடம் அவள் கோபத்தைக் காட்டுவாள் என்று பூரணமக்காகூட நினைக்கலாமா? அவள் ஞானாம்பிகையைப் பிடித்து, முன் வார்டில், நடுக் கட்டிலில் இடப்பக்கமாகப் படுக்கவைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். புதிய அட்டை ஒன்றை எடுத்து, 'ஞானாம்பிகை, வயது பத்தொன்பது, தலைப்பேறு, வரும்போதே கால் வீக்கம், கண் மங்கல்' என்று எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டாள்.

கனகரத்தினம் அட்டையைப் படித்தார். வராந்தாவுக்குப் போய் நின்றார்.

டாக்டரின் கார் வந்து நின்றபோது தோட்டத்து மானேஜர் துரை முன்னால் இறங்கினார். பின்னால் டாக்டர், நரைத்த மீசையும் சிடுசிடுத்த முகமுமாக. கையில் தாள்களோடு துரைசிங்கம் ஆபீசிலிருந்து ஓடி வந்தான். வார்டு வராந்தாவில் எல்லோரும் நின்றார்கள்.

"கணக்கைப் பார்த்தேன்," என்றார் டாக்டர் ஆங்கிலத்தில். "நூற்றுக்குப் பதினைந்து. இது பிரசவ வார்டா, சவக்கிடங்கா?"

துரைசிங்கம் செல்வநாயகியைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஓம் சேர் என்று சொல்லிவிட்டு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்," என்றாள் செல்வநாயகி, மிஷனரிகளிடம் படித்த சுத்தமான ஆங்கிலத்தில். "என்னால் முடியாது, சேர். அந்தக் கணக்கு தவறான கணக்கு."

துரையின் புருவம் ஏறியது. "எண்கள் தவறா?"

"எண்கள் சரி. ஒப்பிட்ட விதம் தவறு. துரை அவர்களே, கிழட்டு மரம் நிற்கும் மேட்டுக்காட்டில் வெட்டுகிறவன் கொண்டுவரும் பாலையும், இளமரக் காட்டில் வெட்டுகிறவனின் பாலையும் பக்கத்தில் வைத்து, முதலாமவனைச் சோம்பேறி என்று விரட்டுவீர்களா? மரத்தைப் பார்ப்பீர்கள் அல்லவா? மரத்துக்குக் காட்டும் நியாயத்தைத் தாய்மாருக்கும் காட்டுங்கள் என்கிறேன்."

அவள் நிறுத்தவில்லை. காலையில் மருதம்மாள் சொன்னதையும், கட்டில் அட்டைகளில் இருப்பதையும் அடுக்கிச் சொன்னாள். எளிய பேறு எளிய பேற்றோடு, கடினமான பேறு கடினமான பேற்றோடு. இராசாத்தியின் கதையையும் சொன்னாள். வண்டி கொடுக்காத கங்காணியையும் விடவில்லை.

டாக்டர் மீசையைத் தடவினார். "நாலு பேரில் மூவர் என்கிறாய். நாலு சின்ன எண், நர்ஸ். இன்னும் ஒருத்தி பிழைத்திருந்தால் உன் கணக்கே மாறிவிடும். நாலை வைத்து எதையும் நிறுவ முடியாது."

"தெரியும், சேர். நான் நிறுவ வரவில்லை. மூன்று வருஷத்தைக் குழப்பிக் கூட்டி, மூடு என்று தீர்ப்பு எழுதியவர்கள்தான் நிறுவிவிட்டதாக நினைக்கிறார்கள். இன்னும் எண்ணுங்கள். ஆனால் எங்கே செத்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நிலையில் வந்தாள் என்று எழுதி எண்ணுங்கள்."

டாக்டர் கனகரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "பெரிய கிராணி, இந்த வார்டுக்கு எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள்?"

"எல்லாவிதமும் வரும், சேர்," என்றார் கனகரத்தினம்.

செல்வநாயகிக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். உள்ளே கிடப்பவள் யார் தெரியுமா என்று கேட்டால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கட்டிலில் கிடக்கும் பெண்ணை எடுத்து எறிகல்லாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே ஞானாம்பிகை முனகினாள்.

"யாரோ இருக்கிறார்களா?" என்று டாக்டரே கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அட்டையைப் படித்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றில் கைவைத்தார். காய்ச்சிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கூலிப் பெண்ணாகத் தெரியவில்லையே. யாருடைய மகள்?"

செல்வநாயகி ஜன்னலைப் பார்த்தாள். பூரணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னுடைய மகள், சேர்," என்றார் கனகரத்தினம்.

"உனக்குத்தான் நல்ல பங்களா இருக்கிறதே. ஏன் இங்கே கொண்டுவந்தாய்?"

அவர் தொப்பியை இரண்டு கையாலும் திருகினார்.

"கடினமான கேஸ், சேர். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது."

டாக்டர் துரையைத் திரும்பிப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது. துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஷீட் அடுக்க எனக்கு இடம் வேண்டும்" என்று முணுமுணுத்தார்.

"வேறு கொட்டகை கட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்று வருஷப் பேறுகளையும் வந்த நிலையைப் பார்த்துப் பிரித்து எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். பெரிய கிராணி எழுத வேண்டாம். வேறு யார்?"

வாசலிலிருந்து ஒருவன் தாள்களோடு முன்னால் வந்தான்.

"நான் எழுதுகிறேன், சேர்," என்றான் துரைசிங்கம்.

அண்ணனின் பார்வை அவன்மேல் விழுந்தது. துரைசிங்கம் கண்ணைத் தாழ்த்தினான். ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை. செல்வநாயகி கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவ்வளவு உயரமாகப் பார்த்ததில்லை.

அதற்குள் கட்டில் கிரீச்சிட்டது.

ஞானாம்பிகையின் கண் மேலே செருகியது. தாடை இறுகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பூரணம் ஓலமிட்டாள். செல்வநாயகி ஒரே எட்டில் பாய்ந்து, துணி சுற்றிய கரண்டியைப் பற்களுக்கிடையில் கொடுத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஊசி போட்டார். இழுப்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. பெண் குறட்டைவிட்டு மயங்கிக் கிடந்தாள். வயிறு இறுகி எழுந்தது. வலியும் தொடங்கிவிட்டது.

"என் காரில் ஏற்றினால் சுங்கைப் பட்டாணிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்," என்றார் டாக்டர். "அங்கே ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கிறது. ஆனால் ரோடு இருக்கிற லட்சணத்தில் ஒரு குலுக்கலில் அடுத்த வலிப்பு வரலாம். இங்கேயே வைத்தால் குலுக்கல் இல்லை. கத்தியும் இல்லை. இரண்டில் எது என்று எனக்கே நிச்சயமில்லை. இவளை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள் நீ. நீ என்ன சொல்கிறாய், நர்ஸ்?"

"காரில கொண்டு போவம்," என்றாள் பூரணம் அழுகையோடு. "பெரிய ஆஸ்பத்திரி! செல்வம், சொல்லன்!"

கனகரத்தினம் கட்டிலருகே வந்தார். மகளின் வீங்கிய பாதத்தைத் தொட்டார். பிறகு செல்வநாயகியை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

"பிள்ளை, நீர் சொல்லும். நீர் சொல்லுறபடி செய்வம்."

அவர்மேல் அவளுக்கிருந்த கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. இராசாத்திக்கு வண்டி இல்லை. இவளுக்குக் கார் வாசலில் நிற்கிறது. அந்த அநியாயத்தை அவள் இன்னொரு நாள், இன்னும் உரத்த குரலில் கேட்பாள். இப்போது அவள் விரல் ஞானாம்பிகையின் நாடியில் இருந்தது. மறு கை வயிற்றில். பிள்ளையின் தலை கீழே இறங்கியிருந்தது. நேராக இருந்தது. துடிப்பும் இருந்தது. கத்தி இல்லாமலே பிறக்கலாம்.

"ஏத்த வேண்டாம்," என்றாள். "இஞ்சையே இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. தவறினால் வார்டு போகும், துரைசிங்கத்தின் வேலை போகும், பூரணமக்காவின் வாசல் ஆயுசுக்கும் அடைபடும்.

"அக்கா, அழுறதை விட்டுட்டு அந்தக் கறுப்புக் கம்பளியை ஜன்னலில கட்டுங்கோ. வெளிச்சம் படக்கூடாது. பெரியத்தான், ஆளனுப்பி மருதம்மாளைக் கூப்பிடுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும்."

பெரிய கிராணி ஆளை அனுப்பவில்லை. தொப்பியைக் கட்டிலடியில் போட்டுவிட்டு, வெயிலில், லயத்தை நோக்கித் தானே ஓடினார்.